தூசியும் வேரும்

ஏலத்தோட்டத்திலிருந்து போடியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தேன். கங்காணி விரட்டிவிட்டார். ஏலச்செடியைச் சுற்றிக் களையைக் கையால்தான் பிடுங்க வேண்டுமாம். சீக்கிரம் முடியட்டுமே என்று நான் மண்வெட்டியால் கொத்திவிட்டேன். "மசுரு கணக்கா வேரு மேலாக்க ஓடுது. ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றார். எனக்கு அப்படி எந்த வேரும் தெரியவில்லை. முந்தின நாள் மதியத்தோடு சோறும் நின்றுபோயிருந்தது.

பாதி வழியில், ஓடைக்கரை மரத்தடியில், கால்சட்டை போட்ட ஒருவர் இரும்புக் குழாயைச் சம்மட்டியால் மண்ணுக்குள் அடித்துக்கொண்டிருந்தார்.

"தண்ணிக்குன்னா ஓடையே இருக்கே சார்?"

"தண்ணிக்கு இல்லப்பா, வேருக்கு."

காட்டு மரங்களின் வேரை ஆராயும் கல்லூரி வாத்தியார். குழாயை உருவி, உள்ளே சிக்கிய மண்ணைக் குச்சியால் தள்ளி, முறுக்குப் பிழிவதுபோல் வெளியே எடுத்தார். கூட வந்த ஆள் அட்டைக்கடிக்குப் பயந்து ஓடிவிட்டானாம்.

"இதக் கழுவி வேரை மட்டும் எடுத்துத் தா. சரியா வந்தா சாப்பாடு. மழை பிடிக்கிற வரைக்கும் வேலையும் உண்டு."

மதுரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஆறு மாதம் அரிசி களைந்தவன் நான். வாளியில் மண்ணைக் கரைத்தேன். உமியைச் சரிப்பதுபோல், மிதந்த தூசியை ஓடையில் சரித்தேன். மூன்று தரம். அடியில் நின்ற பென்சில் தடிமன் வேர் இரண்டை வேட்டியில் துடைத்து நீட்டினேன்.

"மிச்சம் எங்கே?"

"வேற ஒண்ணுமில்ல சார். தூசிதான். கொட்டிட்டேன்."

"அடப்பாவி! அந்தத் தூசிதான்யா வேரு. மரம் தண்ணி குடிக்கிற வாயே அதுதான்."

என் சோறு ஓடையோடு போவது புரிந்தது. கீழே ஓடினேன். கடைசியாகக் கொட்டியது ஒரு பள்ளத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. தலைத்துண்டை விரித்து அள்ளினேன். அவர் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தார். வெள்ளை வெள்ளையாக நூல்கள். நடுவில் ஓர் அட்டை.

"சல்லடையில நிக்காததுகூட இதுல நிக்குதே! நாளைக்கும் துண்டோட வா" என்றவர், தூக்குச்சட்டியை என் பக்கம் நகர்த்தினார். வழித்துத் தின்றேன்.

மறுநாள் காலை குழாய், வாளி, சம்மட்டியோடு அவர் பின்னால் மலையேறினேன். ஏலச்செடியின் வேர் எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்க்க வேண்டுமாம். அதே தோட்டம். வாசலில் அதே கங்காணி.

"திரும்பவும் வேரை அறுக்க வந்துட்டியா?"

"ஆமாண்ணே. இப்ப அதுதான் சோலி."