மஞ்சள் கதிரைக்கு வெள்ளை உறை

1. லொறியில் வந்தவை

கதிரைகள் வந்து இறங்கிய அன்றைக்கு நான் ஒஃபிஸ் முற்றத்தில் நின்று கத்தினேன். பிஸ்கட் கம்பனியின் நலப் பிரிவில் நான் வேலை பார்த்த அத்தனை வருடத்திலும், வாட்ச்சர் ஓடிவந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தியது அன்றைக்குத்தான். எனக்கு வாய் கொஞ்சம் கூட என்பது கம்பனி முழுக்கத் தெரிந்த விஷயம். அதைப் பற்றி எனக்கு வெட்கமும் இல்லை.

மட்டக்குளியில் ஒரு தொடர்மாடிக் குடியிருப்பு. அங்கே இருக்கிற சனங்கள் சேர்ந்து ஒரு மரண உதவிச் சங்கம் நடத்துகிறார்கள். கோயிலுக்குப் போகிற வீடோ, சேர்ச்சுக்குப் போகிற வீடோ, பௌத்தர்களின் பன்சலைக்குப் போகிற வீடோ, யார் வீட்டில் சாவு விழுந்தாலும் சங்கம் போய் நிற்கும். பந்தல் போடும், கதிரை அடுக்கும், தேத்தண்ணி ஊற்றும், அடக்கம் முடிந்து ஆட்கள் திரும்பும்வரை கூட இருக்கும். அவர்கள் எங்கள் கம்பனியிடம் இரண்டு உதவி கேட்டிருந்தார்கள். ஒன்று கதிரைகள். மற்றது, சவப்பெட்டியை வைப்பதற்கு ஒரு சின்ன மண்டபம். கதிரைக்கு உடனே ஓம் என்றாகிவிட்டது. மண்டபத்தைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

எங்கள் நலப் பிரிவுக்கு அப்போது சொந்தமாக பட்ஜெட் கிடையாது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். நாங்கள் கொடுத்த எல்லாமே மார்க்கெட்டிங் பட்ஜெட்டிலிருந்துதான் போனது. அந்தக் காசில் வாங்கிய பொருள் எதுவும் பிராண்டிங் இல்லாமல் கேட்டைத் தாண்டாது. விளையாட்டுக் கழகத்துக்கு ஜெர்சி கொடுத்தால் முதுகில் எங்கள் பெயர் இருக்கும். முன்பள்ளிக்குத் தண்ணீர்த் தாங்கி கொடுத்தால் அதில் எங்கள் படம் இருக்கும். கதிரைக்கும் அதே வழக்கப்படி ஓர்டர் போயிருக்கிறது. யாருக்குப் போகிற கதிரை என்று ஒருவரும் யோசிக்கவில்லை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

லொறியைத் திறந்தால் உள்ளே மஞ்சள் மஞ்சளாகப் பிளாஸ்டிக் கதிரைகள். ஒவ்வொன்றின் முதுகுப் பக்கத்திலும், பின்னால் இருக்கிறவருக்குத் தெரிகிற மாதிரி, பல்லைக் காட்டிச் சிரிக்கிற ஒரு பிஸ்கட். அதற்குக் கீழே மூன்று மொழியிலும் அந்த வருட விளம்பர வாசகம்: ‘இன்றைக்கு இனிப்பான நாள்!’

மார்க்கெட்டிங் மனேஜர் நிரஞ்சன் கீழே இறங்கி வந்தார். என்னைவிட வயதில் மிகவும் குறைந்தவர், கெட்டிக்காரர்.

“செத்தவீட்டுக்கு, நிரஞ்சன் சேர், செத்தவீட்டுக்கு! பிரேதத்துக்கு முன்னால இருக்கிற சனம் இதையே வாசிக்கிறது?”

“சாந்தி மிஸ், சத்தம் போடாதேங்கோ. வேற விசேஷங்களுக்கும் பாவிப்பினம் தானே.”

“மரண உதவிச் சங்கத்தில வேற என்ன விசேஷம் சேர் நடக்கும்?”

அவர் லொறிக்குள் எட்டிப் பார்த்தார். “அடிச்சது அடிச்சாச்சு மிஸ். திருப்பி அனுப்பேலாது. குடுத்துவிடுங்கோ” என்று சொல்லிவிட்டு மேலே போனார். அன்று வீட்டுக்குப் போய் என் கணவரிடம் சொன்னபோது, இவர் முதலில் சிரித்தார், பிறகு சிரித்ததற்காகத் தானே தலையில் தட்டிக்கொண்டார்.

2. மாடிப்படித் திருப்பம்

கதிரைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தது நானும் டிரைவர் சுனிலும். இறக்கும்போதே சுனில் “லஜ்ஜாய் மிஸ்” என்று சிங்களத்தில் முணுமுணுத்தார். வெட்கமாக இருக்கிறதாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

சங்கத்தின் செயலாளர் பிலோமினா அக்கா. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவர், கணவரை இழந்தவர். அவர் ஒரு கதிரையைத் திருப்பி வாசகத்தை வாசித்தார். பிறகு அதில் உட்கார்ந்து பார்த்தார், எழும்பினார்.

“கதிரை உறுதியா இருக்கு மிஸ். அது போதும்.”

“என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. இதை நான் பார்த்திருந்தால் அடிக்க விட்டிருக்க மாட்டன்.”

“அதை விடுங்க மிஸ். வாங்க, மண்டபம் ஏன் கேட்டோம்னு காட்டுறேன்.”

என்னை மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒடுக்கமான படி. ஒவ்வொரு மாடிக்கும் நடுவில் சட்டென்று திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில், சுவரில் மனிதன் உயரத்துக்கு நீளமாக ஒரு கீறல். சவப்பெட்டிகள் உரசிய அடையாளம் அது. வீடுகள் சின்னவை. ஆனாலும் செத்தவரை ஒரு இரவாவது தன் வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. மழை பெய்தால் கீழே முற்றத்தில் வைக்கவும் முடியாது. அதனால் பெட்டியை மேலே ஏற்றுவார்கள், இறக்குவார்கள். படுக்கையாகப் பிடித்தால் பெட்டி அந்தத் திருப்பத்தில் திரும்பாது.

“எங்க வீட்டு ஆளை நிக்க வச்சுத்தான் மிஸ் இறக்கினாங்க. உள்ளுக்கு அவரு சரியுற சத்தம் எனக்குக் கேட்டிச்சு. படுத்துப் போக வேண்டிய மனுசன் மிஸ்.”

கீழே ஒரு மண்டபம் இருந்தால் யாரையும் நிற்க வைக்க வேண்டியதில்லை. அவர் கேட்டது அவ்வளவுதான்.

3. உறை

அடுத்த தடவை நான் அங்கே போனபோது ஒரு செத்தவீடு நடந்துகொண்டிருந்தது. பந்தலுக்குள் ஒரு மஞ்சள்கூட இல்லை. எல்லாக் கதிரைக்கும் வெள்ளை உறை போட்டிருந்தது. வீட்டுக்கு வீடு பழைய பெட்ஷீட், வெள்ளைச் சாரி, வேட்டி என்று வாங்கி, பிலோமினா அக்கா தைத்திருக்கிறார். ஒன்றின் ஓரத்தில் மங்கலான பூ வேலை இருந்தது. யாரோ ஒருவரின் கல்யாணச் சாரியாக இருக்க வேண்டும்.

எனக்கு மனம் ஆறிப்போனது. ஆனால் மண்டபத்துக்கான இடத்தைப் பார்க்க நிரஞ்சன் வந்த நாளிலும் அங்கே ஒரு சாவு. அவர் பந்தலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“எங்கட கதிரை எங்க மிஸ்?”

“நீங்கள் கையை வைச்சுக்கொண்டு நிக்கிறது அதில தான் சேர்.”

அவருக்கு முகம் மாறிவிட்டது. காரில் ஏறும்வரை பொறுத்திருந்தார். “மண்டப ஃபைலோட கதிரை பாவிக்கிற படமும் டிரெக்டருக்குப் போக வேணும். மூடி வைச்சால் நான் என்னத்தைக் காட்டுறது? குடுத்ததை ஒளிச்சு வைச்சிருக்கினம், இன்னும் குடுப்பம் எண்டு எந்த வாயால கேக்கிறது? உறையைக் கழட்டச் சொல்லுங்கோ மிஸ். இல்லாட்டி ஃபைல் மேல போகாது.”

“நான் சொல்ல மாட்டன் சேர். என்ர நாக்குக்கு அது வராது. வேணுமெண்டால் நீங்களே இறங்கிப் போய்ச் சொல்லுங்கோ.”

அவர் இறங்கிப் போய்ச் சொன்னார். கெட்ட மனிதர் என்றால் எனக்குத் திட்டுவதற்கு இலகுவாக இருந்திருக்கும். மண்டபம் அவருக்கும் கட்ட ஆசைதான். ஒஃபிஸில் ஒரு ஃபைல் எப்படி நகரும் என்று தெரிந்தவர் அவர், அந்த வழியில் நகர்த்தப் பார்த்தார்.

பிலோமினா அக்கா சண்டை பிடிக்கவில்லை. “சரி சேர், இனிமே போட மாட்டோம். மண்டபத்தை மட்டும் தந்திருங்க” என்றார். அடக்கம் முடிந்ததும் உறைகளைக் கழற்றி, தோய்த்து, மடித்துத் தன் வீட்டு அலுமாரிக்குள் வைத்துவிட்டார். நான் ஃபோனில் பொரிந்து தள்ளினேன்.

“கோவப்படாதீங்க மிஸ். உறைன்னா நான் தைச்சிருவேன். மண்டபத்தை நான் தைக்க ஏலுமா?”

4. செல்வத்தின் செத்தவீடு

எங்கள் ஃபெக்டரியில் ஒவன் செக்‌ஷனில் செல்வம் என்று ஒருவர் இருந்தார். அதே தொடர்மாடியில் மூன்றாம் மாடியில் குடியிருந்தவர். ஒரு நாள் வேலைக்கு வர பஸ் ஏறப்போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் உயிர் போய்விட்டது. கம்பனி சார்பில் டிரெக்டரும் நிரஞ்சனும் நானும் மலர்வளையத்துடன் போனோம்.

மழை தூறிக்கொண்டிருந்தது. செல்வத்தின் மனைவி கமலா, அவரை நிற்க வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். அதனால் பெட்டியை மேலே ஏற்றவில்லை. முற்றத்தில் தார்ப்பாய் கட்டி வைத்திருந்தார்கள். முன்னால் வரிசை வரிசையாகக் கதிரைகள், எல்லாம் மஞ்சள்.

நான் பிலோமினா அக்காவை ஓரமாக இழுத்தேன். “இண்டைக்காவது போட்டிருக்கக் கூடாதே அக்கா?”

“வாக்குக் குடுத்திட்டோமே மிஸ். இன்னைக்கு உங்க பெரியவரே வந்திருக்காரு. இன்னைக்கு மூடினா மண்டபம் போச்சு.”

எங்களை இரண்டாம் வரிசையில் இருத்தினார்கள். முதல் வரிசையில் கமலா. அவருக்கு நேர் பின்னால் நிரஞ்சன். தேவாரம் தொடங்கியது. நிரஞ்சன் தலை குனிந்திருந்தார். நிமிர்ந்தால் கண்ணுக்கு முன்னால் அந்தப் பிஸ்கட். கமலா விம்மினார். அவர் குலுங்கக் குலுங்க அந்த இலேசான கதிரையும் குலுங்கியது. சிரிக்கிற பிஸ்கட்டும் சேர்ந்து குலுங்கியது. ‘இன்றைக்கு இனிப்பான நாள்!’

என்னால் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் நிரஞ்சன் எழும்புவது தெரிந்தது. வெளியே போகப்போகிறார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. கமலாவின் கதிரைக்குப் பின்னால், அதை ஒட்டி, பிஸ்கட்டைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றார். தார்ப்பாயில் இருந்து தண்ணீர் ஒழுகி அவருடைய தோளில் விழுந்தது. நகரவில்லை. சனங்கள் அவரைச் செல்வத்தின் சொந்தக்காரர் என்று நினைத்திருப்பார்கள்.

டிரெக்டர் என் பக்கம் சாய்ந்து, இவர் ஏன் நிற்கிறார் என்று கேட்டார்.

“உங்களுக்கு முன்னால இருக்கிற கதிரையின்ர முதுகை வாசிச்சுப் பாருங்கோ சேர்.”

அவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

நிரஞ்சன் பிலோமினா அக்காவைக் கையால் கூப்பிட்டார். “அக்கா, அந்த உறையள் இருக்கே?”

“மேல இருக்கு சேர்.”

“கொண்டுவந்து போடுங்கோ. எல்லாத்துக்கும் போடுங்கோ.”

“மண்டபம், சேர்?”

அந்த நேரத்திலும் அக்கா அதைக் கேட்டார். கேட்காமல் எப்படி இருப்பார்? அவருடைய மனிதரை நிற்க வைத்து இறக்கியிருக்கிறார்கள். நிரஞ்சன் தலையை ஆட்டினார், பிறகு “அது வரும் அக்கா. நான் பொறுப்பு” என்றார்.

பெண்கள் மேலே ஓடினார்கள். உறைகள் வந்தன. சனங்கள் வரிசை வரிசையாக எழும்பி மழைக்குள் நின்று இடம் விட்டார்கள். யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. தேவாரமும் நிற்கவில்லை. கமலா மட்டும் எழும்பவில்லை. பிலோமினா அக்கா அவருடைய தோளைப் பிடித்து மெதுவாக முன்னால் சாய்த்து, முதுகுக்கும் கதிரைக்கும் நடுவால் உறையை இழுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் நிரஞ்சன் அங்கிருந்து விலகினார்.

மண்டபம் வந்தது. திறப்பு விழா வைக்கவில்லை. ரிபன் வெட்டுவோம் என்று யாரும் வாய் திறக்கவும் இல்லை. கம்பனியின் பெயர் உள்ளே, கதிரை அடுக்குகிற அறைக்குப் பக்கத்தில் சின்னதாக இருக்கிறது. மரண உதவிக்கு மார்க்கெட்டிங் பட்ஜெட்டைத் தொடுவதில்லை என்று நிரஞ்சனே மீட்டிங்கில் சொல்லி நிறுத்தினார்.

நான் ரிட்டயர் ஆனபோது, புதிதாக வந்த பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லச் சொன்னார்கள். நான் சொன்னது இது: கொடுக்கப்போகிற சாமானை ஒஃபிஸ் மேசையில் வைத்துப் பார்க்காதீர்கள். அது போகிற இடத்துக்குப் போய், அழுகிற மனிசிக்குப் பின்னால் இருந்து பாருங்கள்.

5. வெள்ளவத்தையில்

இதோடு எழுதி முடித்திருக்கலாம். ஆனால் போன வருடம் இவர், என் கணவர், போய்விட்டார்.

வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட் ஐந்தாம் மாடியில். லிஃப்ட் சின்னது. உள்ளே நாலு பேர் நெருங்கி நிற்கலாம், பெட்டியைப் படுக்க வைக்க முடியாது. பிரேதத்தைப் பொறுப்பெடுத்த மலர்ச்சாலைக்காரர் லிஃப்டை அளந்து பார்த்துவிட்டு, “நிமிர்த்தித்தான் ஏத்த வேணும் அம்மா” என்றார். நான் வேண்டாம் என்றேன். அவரை இந்த வீட்டுக்குள் கொண்டுவராவிட்டாலும் பரவாயில்லை, நிற்க வைக்க வேண்டாம் என்றேன். கீழே கார் நிறுத்துகிற இடத்தில்தான் வைத்தோம்.

யாருக்கு அறிவிப்பது, எதை வாடகைக்கு எடுப்பது என்று ஒன்றும் ஓடவில்லை. கதிரைக்கு ஆளிடம் சொல்ல வேண்டும் என்று மகள் ஃபோனை எடுத்தபோது, கேட்டுக்குள் ஒரு சின்ன லொறி பின்பக்கமாக வந்தது. முன் சீட்டிலிருந்து பிலோமினா அக்கா இறங்கினார். நான் சொல்லி அனுப்பவில்லை. யார் சொன்னார்கள் என்று இன்றுவரை கேட்கவும் இல்லை.

“நான் உங்கட சங்கத்தில மெம்பர் இல்லையே அக்கா” என்றேன். அந்த நேரத்தில் என் வாயில் வந்தது அதுதான்.

“சும்மா இருங்க மிஸ். வந்து உக்காருங்க.”

கதிரைகள் எல்லாம் மட்டக்குளியிலேயே உறை போட்டு வந்திருந்தன. என்னை முதல் வரிசையில் இருத்தினார்கள். இவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் என்னால் அடக்க முடியாமல் குலுங்கிக் குலுங்கி அழுதேன். கதிரையும் என்னோடு குலுங்கியது. என் முதுகுக்குப் பின்னால் துணிக்குள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பின்னால் இருந்த ஒருவரும் அதை வாசிக்கவில்லை.