கனகாக்கா வெட்டிய வீடு

கனகாக்காவைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு என்மேல்தான் கோபம் வரும். இருந்தாலும் சொல்கிறேன்.

ஏற்காட்டில் எங்கள் ஆபீஸ் சின்னது. நான் வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவள். கட்டப்போகும் வீட்டை அப்படியே சின்னதாகப் பலகையில் வெட்டி ஒட்டி, மாடலும் செய்து கொடுப்போம். அங்கே கூட்டிப் பெருக்க வந்தவர் கனகாக்கா. நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. காபி பறித்துத் தம்பி பாலகுமாரைப் படிக்க வைத்ததிலேயே காலம் போய்விட்டது. பலகை வெட்டும் லேசர் மிஷினை ஓட்டியவர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றுவிட, "நாங் கத்துக்கறனே கண்ணு" என்று அவராகவே முன்வந்தார்.

முதல் வாரமே கூத்து. மூடுபனியில் பலகையெல்லாம் ஈரம் ஏறி, லேசர் பாதி வெட்டியது, பாதி கருக்கியது. மறுநாள் வெயில் வந்ததும் அக்கா அத்தனை பலகையையும் வாசலில் பரப்பி, புரட்டிப் புரட்டிப் போட்டார். சாயங்காலம் எல்லாம் அப்பளம் போல் நெளிந்து கிடந்தன.

"ஏனுங்கக்கா, இதென்ன காபிக் கொட்டையா?" என்று கத்தினேன்.

"ஈரம் போகோணும்னா காயப்போடத்தான் கண்ணு எனக்குத் தெரியும்."

அப்புறம் ஒட்டிய மாடலில் சுவர்கள் ஆடின. லேசர் போகும் வழியில் நூலளவு பலகையைத் தின்றுவிடும். அதையும் சேர்த்து அளவு வைத்தால்தான் இறுக்கமாகப் பொருந்தும். அந்த நூலளவைப் பிடிக்க அக்கா மாதக்கணக்கில் ஒற்றை ஆளாய் மல்லுக்கட்டினார். புகை நாற்றத்துக்குப் பயந்து நாங்கள் யாரும் அந்த அறைப்பக்கம் போகமாட்டோம். மதியச் சோறும் மிஷின் பக்கத்திலேயே.

"ஊட்டுக்குப் போனாலும் செவுத்தோடதான் பேச்சு. இது சத்தமாச்சும் போடுது" என்பார்.

தை மாதம், அக்கா குடியிருந்த எஸ்டேட் கூலிக்காரர் லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அக்கா கலங்கவில்லை. ஓசூரில் வேலையிலிருந்த பாலகுமார் இங்கே பக்கத்து மஞ்சக்குட்டையில் இடம் வாங்கியிருந்தான்.

"தம்பி ஊடு கட்டறான். எனக்கு ஒரு ரூமு போதும். கெழக்கால சன்னல் இருந்தா நொம்ப சந்தோசம்."

அந்த வீட்டுக்குப் படம் போட்டவள் நான்தான். பாலகுமார் போனில் சொல்லச் சொல்லப் போட்டேன். நாலு அறை. நாலும் ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு வாடகைக்கு.

"அக்காவுக்கு?" என்று கேட்டேன்.

"அவங்க எங்கியாச்சும் இருந்துக்குவாங்க. நானே சொல்லிக்கறனுங்க" என்றான். பாவி, சொல்லவே இல்லை. எனக்கென்ன வந்தது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மாடலை அக்காதான் வெட்டினார். அன்றைக்கு நான் கூடவே நின்றேன். சுவர் சுவராக ஒட்டினார். ஒன்றுகூட ஆடவில்லை. இத்தனை மாதத்தில் முதல்முறையாக எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. கடைசியில் எண் போட்ட நாலு கதவுகளையும் வைத்துவிட்டு மிஷினுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னொரு கதவ வெட்டாம உட்டுட்டனா கண்ணு?"

"இல்லீங்கக்கா. அவ்வளவுதான்."

வீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"படம் போட்டப்பவே உனக்குத் தெரியுமா?"

தலையாட்டினேன்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே கண்ணு" என்றார். "இந்த மலையில எனக்குன்னு சொல்றதுக்கு வேற ஆரு இருக்கறா?"