மிசுக்கின் இரண்டாவது படம்

மரியநாயகி மன்னாரிலிருந்து பாரிசுக்கு வந்த புதிதில், லா ஷப்பலுக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்துச் சமையலறையில் வெங்காயம் உரித்தாள். எதிரே நின்று உரித்தவள் மிசுக், சினிமா படிக்க வந்த கொரியப் பெட்டை. இருவருக்கும் பிரெஞ்சு அரைகுறை. ஆனாலும் இரண்டு வருசம் கதைத்தும் அவர்களுக்குக் கதை முடியவில்லை.

படிப்பு முடிய மிசுக் சியோலுக்குப் போய்விட்டாள். உணவகத்தையும் மூடிவிட்டார்கள். மரியநாயகி கலியாணம் முடித்து செவ்ரான் புறநகரில் குடியேறினாள். ரூ காய் தெருவில் சேலைக்கடை வேலை. பழகச் சனம் நிறையக் கிடைத்தது. மிசுக்கைப் போல ஒருத்தி கிடைக்கவில்லை.

இருபத்திரண்டு வருசம் கழித்து, மகள் ஆன்ஜெலிக் போனில் ஒரு சினிமாச் செய்தியைக் காட்டி பிரெஞ்சில் கேட்டாள்: "அம்மா, நீங்கள் சொல்லுற மிசுக் இவவோ?"

அவளேதான். ஒன்பது வருசம் உதவி இயக்குநர். முதல் படம் ஒரு கிழமைகூட ஓடவில்லை. பிறகு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டே எழுதிய இரண்டாவது படம் இப்போது பாரிசுக்கு வருகிறது, இயக்குநரோடு.

ஞாயிறு மத்தியானம் தாயும் மகளும் தியேட்டரில் இருந்தார்கள். படத்தில் ஒரு கொரியச் சமையல்காரி. யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டி, "ஓம், ஓம்" என்றாள். 'ஆமாம்' என்பதற்கு மரியநாயகி அந்தச் சமையலறையில் சொல்லிக்கொண்டிருந்த அதே 'ஓம்'.

படம் முடிய, அந்த 'ஓம்' என்ன சொல் என்று மேடையில் நின்ற மிசுக்கிடம் ஒருவர் கேட்டார்.

"என்னோடு வேலை செய்த ஒருத்தியின் சொல்," என்றாள் மிசுக். "அவளைத் தேடினேன். குடும்பப் பெயர் தெரியாததால் கண்டுபிடிக்க முடியவில்லை."

மரியநாயகி எழும்பினாள். மிசுக் மேடையை விட்டு இறங்கி ஓடிவந்து கட்டிப்பிடித்தாள்.

"ஒரு நாள் நில்லன், வீட்டை வந்து சாப்பிட்டுப் போ," என்று மரியநாயகி தமிழிலேயே கெஞ்சினாள். ஆன்ஜெலிக் மொழிபெயர்த்தாள். பின்னேரமே லியோனில் அடுத்த காட்சி. கால்மணி நேரந்தான் கிடைத்தது.

அது நடந்து மூன்று வருசம். மூன்றாவது படத்துக்கு இன்னும் தயாரிப்பாளர் அகப்படவில்லை. இந்த வருசம் பாரிசில் படம் பிடிப்பேன் என்று மிசுக் ஒவ்வொரு தைமாதமும் எழுதுகிறாள். மரியநாயகியும் ஒவ்வொரு வருசமும் கடை முதலாளியிடம் போய், "அண்ணை, இந்தமுறை எனக்கு லீவை எல்லாரையும் போல ஓகஸ்ட்டிலை தரவேண்டாம். எப்ப வேணுமெண்டு பிறகு சொல்லுறன்," என்கிறாள்.