சரோஜாக்கா கட்டிலும் சுருக்குற சர்வரும்

வெப்சைட் போட்டுக் கொடுக்கிற தொழில்ல, நாம செய்யாத தப்புக்குத்தான் திட்டு ஜாஸ்தி. இதைப் படிக்கிற சக பாவிகளுக்கு நான் சொல்லியா தெரியணும்?

காலி ரூம்

அடி அண்ணாமலையில லாட்ஜ் வெச்சிருக்கிற சரோஜாக்காவுக்கு ஒரு பேஜ் போட்டுக் கொடுத்தேன். ரூம் போகப்போக, ஜனங்க போன்ல காலி ரூம் எண்ணிக்கை உடனுக்குடனே குறையணும். வேங்கிக்கால்ல என் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஜம்முனு ஓடுச்சு.

பௌர்ணமி அன்னிக்கு லாட்ஜ் ஃபுல். பேஜ் மட்டும் "ஒரு ரூம் காலி"ன்னு சாதிச்சுது. அதை நம்பி, கிரிவலம் முடிச்ச ஒரு குடும்பம் வயசான அம்மாவோட வந்து நின்னுடுச்சு. காலையில அக்கா போன் பண்ணாங்க.

"பேஜ் காட்டுன காலி ரூம் எதுன்னு தெரியுமா தம்பி? என் ரூம்! அதை அவங்களுக்கு விட்டுட்டு, ரிசப்ஷன் பெஞ்சுல படுத்து எனக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு. அடுத்த பௌர்ணமிக்கும் இப்படின்னா, உன் பேஜே எனக்கு வேணாம்."

நடுவுல ஒருத்தன்

தோண்டிப் பார்த்தா, நம்ம சர்வருக்கும் ஜனங்க போனுக்கும் நடுவுல, சர்வரை வாடகைக்கு விடுற ஹோஸ்டிங்காரன் ப்ராக்ஸின்னு ஒரு இடைத்தரகு மெஷின் வெச்சிருக்கான். போற பதிலையெல்லாம் சுருக்கி அனுப்புமாம். யாருய்யா கேட்டா? குட்டிக் குட்டி சேதியா போனா சுருக்கக் கட்டுப்படியாகாதுன்னு, இன்னும் நாலு வரட்டும்னு பிடிச்சு வெச்சுக்குது. கடைசி ரூம் போன சேதி அங்கேயே மாட்டிக்கிச்சு. அக்காகிட்ட இதை விளக்கினேன்.

"ஆள் சேர்ந்தாதான் எடுப்பேன்றானே ஷேர் ஆட்டோக்காரன், அவன்தானே? அதுக்கு இவ்ளோ இங்கிலீஷா!"

ஆயிரம் அரோகரா

ஆள் சேரணும், அவ்வளவுதானே? சேர்த்துட்டா போச்சு! ஒவ்வொரு சேதிக்குப் பின்னாடியும், யார் கண்ணுக்கும் தெரியாம, "அண்ணாமலையாருக்கு அரோகரா"ன்னு ஆயிரம் தடவை ஒட்டி அனுப்பினேன். பக்தியும் ஆச்சு, மூட்டையும் ரொம்பிடும்னு கணக்கு.

அசையவே இல்லைங்க. சொன்னதையே திருப்பிச் சொன்னா சுருக்குறவனுக்குக் கொண்டாட்டம்னு அப்புறம்தான் உறைச்சுது. ஆயிரத்தையும் நசுக்கி ஒரு பிடிக்குள்ள அடக்கிட்டான். அக்கா விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

"அப்ப ஆயிரம் தடவை கூப்பிட்டாலும் ஒரு தடவைன்னுதான் எழுதிக்குவானா? நல்லவேளை, அண்ணாமலையார் உன் ஹோஸ்டிங்ல இல்ல!"

ஒரே வரி

கடைசியா ஹோஸ்டிங்காரனுக்கே போன் போட்டேன். "சுருக்குறது ஃப்ரீ சார், இதுக்குப் போய் கம்ப்ளைன்டா?"ன்னு அந்தப் பையன் நிஜமாவே வருத்தப்பட்டான். மல்லுக்கட்டின பிறகு வழி சொன்னான்: சர்வர் அனுப்புற பதிலோட தலைப்புல, அதாவது ஹெடர்ல, "இதை மாத்தாம அனுப்பு"ன்னு ஒரு வரி சேர்க்கணும். அவ்வளவுதான். சேர்த்தேன்.

அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள், விடிஞ்சு வெயில் ஏறியும் அக்கா போன் வரல. பயந்துகிட்டே நானே கூப்பிட்டேன். ரொம்ப நேரம் அடிச்சு, கொட்டாவியோட எடுத்தாங்க.

"கடைசி ரூம் போச்சு, பேஜும் உடனே ஃபுல்லுன்னுடுச்சு, ஒருத்தரும் வந்து நிக்கல. என் கட்டில்ல நானே படுத்திருக்கேன்டா தம்பி, ஏன் எழுப்புற?"

நம்ம தொழில்ல, கேக்காத உதவி தானா வந்து சேர்ந்துடும். சும்மா இருன்னு சொல்றதுக்குத்தான் தனியா ஒரு வரி எழுத வேண்டியிருக்கு.