கிண்ணத்தில் நின்ற பெட்ரோல்

மிச்சிகனின் வடகோடியில், எங்கள் ஊரில் பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருந்த எல்லாரும் மெக்கானிக் ஆர்வோவிடம் திட்டு வாங்கியவர்கள்தான். பனி விழுமுன், வண்டியைக் குளிர்காலத்துக்கு நிறுத்தும்போது, பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீர்ந்து இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். மறந்தால், நின்ற பெட்ரோல் பிசினாகி, பெட்ரோல் பாயும் ஜெட்டின் ஊசித்துளையை அடைத்துவிடும்.

"ஆறு மாசம் பெட்ரோலை ஊறுகாயா போட்ட? அறிவிருக்கா?" என்று கத்திக்கொண்டேதான் சுத்தம் செய்து தருவார்.

போன மே மாதம் அவருடைய வண்டியே கிளம்பவில்லை. நாற்பது வருடமாக ஒரே மிதியில் கிளம்பிய வண்டி. நான் பக்கத்தில் நிற்க, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினார். உள்ளே பச்சைப் பிசின்.

"எவன்டா என் வண்டியை எடுத்தது?"

சாவி அவர் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது. அவரே அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஜெட்டைக் கழற்றினார். துளையில் கம்பியை விட்டுக் குடைந்தார். அதில் வெளிச்சம் தெரிந்த பிறகும் குடைந்துகொண்டே இருந்தார்.

அக்டோபரில் போன் செய்து என்னை வரச்சொன்னார். நான் பார்க்கக் குழாயை அடைத்தார். இன்ஜின் விக்கி நிற்கும்வரை இருவரும் காத்திருந்தோம்.

"அடைச்சிட்டேன்ல? நீ பாத்தல்ல?"

"பாத்தேன், ஆர்வோ."

காருக்குப் போய்க் கதவைத் திறந்தேன். பின்னாலேயே வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லவேளை, வந்துட்ட. வா, குழாயை அடைக்கணும்."

உள்ளே போய், அடைத்திருந்த குழாயை மறுபடி அடைத்தோம்.