கம்பளத் துண்டுகளோடு வந்தவன்

அந்தக் கம்பளத்தை நான் வேண்டுமென்றேதான் மாற்றாமல் வைத்திருந்தேன்.

கடைக்காரன் இழுத்தடித்தான் என்று இன்றுவரை எல்லோரும் நம்புகிறார்கள். பொய்! அந்தப் பொய்யைச் சொன்னவன் நான். முகம் தெரியாத உங்களிடம் மட்டுமே இதைச் சொல்லும் துணிவு எனக்கு வருகிறது. அதையும் துணிவு என்று சொல்லலாமா... தெரியவில்லை.

மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள ஒரு வைபவ மண்டபத்துக்கு நான் முகாமையாளர். திருமணம், பூப்புனித நீராட்டு விழா, கருத்தரங்கு, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக மாணவர்களின் பிரியாவிடை என்று வார இறுதிகளில் அங்கே கால் வைக்க இடமிராது. மற்ற நாட்களில் அடுக்கிவைத்த கதிரைகளும் நானும் மட்டுமே.

மகளின் பேறுகாலத்துக்கென்று கனடா போன என் மனைவி, பேரனைப் பார்க்க ஆளில்லை என்று அங்கேயே தங்கிவிட்டாள். நானும் நாவற்குடா வீட்டைப் பூட்டிவிட்டு மண்டபத்தின் பின்னறைக்குக் குடிவந்துவிட்டேன். குரல் கொடுக்க ஒருவரும் இல்லாத வீட்டுக்கு எதற்காகத் தினமும் திரும்பிப் போவது?

மண்டபத்துக் கம்பளம் நைந்துபோயிருந்தது. வாசலிலும், மேடைக்கு முன்னாலும், சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியிலும் இழைகள் தேய்ந்து அடித்துணி தெரிந்தது. கொழும்பில் இருக்கும் முதலாளி, "நல்லதாப் பார்த்து மாத்துங்க. கனகாலம் உழைக்கிற சாமானா இருக்கணும்" என்று பொறுப்பை என்னிடம் விட்டார்.

அப்படித்தான் ரொனி வந்தான். நகரத்துப் பறங்கிக் குடும்பத்தவன், நாற்பதைத் தாண்டியவன், கம்பளக் கடையொன்றின் விற்பனையாளன். மோட்டார் சைக்கிளின் பின்னால் மாதிரித் துண்டுகளைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினான்.

என் கண் தடித்த சிவப்புத் துண்டொன்றின் மேல் விழுந்ததைக் கண்டு சிரித்தான். பெருவிரலால் அதை அழுத்திக் காட்டினான். விரல் பதிந்த குழி அப்படியே கிடந்தது.

"மெத்தெண்டு கிடக்கிறத எடுக்காதீங்க அண்ணன். நாலு கலியாணக் கூட்டம் மிதிச்சாச் செத்துப் போகும்" என்றான். பிறகு சாம்பல் கலந்த நீலத்தில் ஒரு துண்டை எடுத்து நிலத்தில் வைத்தான். "இது நைலோன். இழை கட்டையா, நெருக்கமாக் கிடக்கு. நம்மட ஊருக்கு மண்தானே பெரிய சத்துரு? இதுக்குள்ள மண் இறங்காது. சதுரம் சதுரமா ஒட்டுறது, பழுதான துண்ட மட்டும் கழட்டி மாத்தலாம்."

அவன் சொன்னது சரி. அந்தக் கணத்திலேயே எனக்குத் தெரியும், அதுதான் வேண்டும் என்று! 'ஓம்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாம் அன்றே முடிந்திருக்கும்.

ஆனால் அவனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். பின்விறாந்தையில் வாவியைப் பார்த்தபடி இருந்து பேசினோம். காது கேளாத தன் தாயைப் பற்றிச் சொன்னான். அவளிடம் உப்புக் கேட்டால் சீனி வரும், சீனி கேட்டால் தங்கச்சி வருவாள் என்றான். நான் வாய்விட்டுச் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே அந்நியமாக ஒலித்தது... எத்தனை காலமாயிற்று!

அவன் துண்டுகளைச் சுருட்டிக்கொண்டு எழுந்தான்.

"நிறம்தான் கொஞ்சம் யோசிக்கணும் தம்பி. வேற நிறத்தில கிடந்தாக் கொண்டு வாங்களன்" என்றேன்.

கொண்டு வந்தான். அது மேடைக்குப் பொருந்தாது என்றேன். மீண்டும் வந்தான். கறை தெரியும் என்றேன். முதலாளியின் மனைவி வேறு மாதிரி பார்க்கவேண்டுமாம் என்று, அந்த அம்மாள் அறியாமலே அவள் பெயரையும் இழுத்தேன். அவன் வரும் நாளில் காலையிலேயே சவரம் செய்துகொண்டு, மீன் அடைத்த மாலுபாண் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கத் தொடங்கினேன். தொலைவில் அவன் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால்... வெட்கம்! இந்த வயதில் ஒரு மனிதனின் வருகைக்காக இப்படித் தவிப்பது பாவமா? தவிப்பு பாவமில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். அதற்கு விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள் அல்லவா!

யோகம் எங்கள் மண்டபத்தில் கூட்டித் துடைத்து, விருந்து நாட்களில் பரிமாறும் பெண். ஒருநாள் சாப்பாட்டுக் கூட வழியில் கம்பளத்தின் விளிம்பு கிழிந்து எழும்பி நிற்பதைக் காட்டினாள்.

"சேர், இதில ஆராவது தடக்கி விழப் போறாங்க. எப்ப மாத்திறது?"

"சாமான் வரட்டும் புள்ள" என்றேன். கிழிசலின் மேல் ஒட்டுநாடாவை ஒட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

மாரி தொடங்கியதும் சனங்கள் ஈரக் காலோடு வந்தார்கள். நாடா கழன்றது. ஒரு கலியாணப் பகலில் சோற்றுப் பாத்திரத்தோடு விரைந்து வந்த யோகத்தின் கால் அந்த விளிம்பில் சிக்கியது. மேளச் சத்தத்தில் அவள் அலறியது பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

தொடையெலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பார்த்து நடந்திருக்கணும் சேர். என்னிலதான் பிழை." நான் மறுக்கவில்லை. கேளுங்கள்... நான் மறுக்கவில்லை!

முதலாளி தொலைபேசியில் கத்தினார். "அந்தக் காபெட்ட ஏன் இன்னும் மாத்தல்ல?"

யோசிக்கக்கூட இல்லை. "கடைக்காரப் பொடியன் இழுத்தடிக்கிறான் சேர். கேட்ட சாமானக் கொண்டு வாறானில்ல" என்றது என் வாய்.

கம்பளக் கடையின் சொந்தக்காரர் எங்கள் முதலாளிக்குத் தெரிந்தவர். அந்தக் கிழமையே ரொனியின் வேலை போயிற்று.

அவன் என்னைத் தேடி வந்தான், கையில் துண்டுகள் ஏதும் இல்லாமல். "நான் இழுத்தடிச்சன் எண்டு ஆரோ சொல்லியிருக்காங்க அண்ணன். நீங்க சொல்லியிருக்க மாட்டீங்க, அது எனக்குத் தெரியும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? நான் சொன்னது இது: "உங்களுக்காக எவ்வளவோ கதைச்சுப் பார்த்தன் தம்பி. முதலாளி கேக்கல்ல."

அவன் என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டான். "அது போதும் அண்ணன்" என்றான்.

தாயைத் தங்கையிடம் விட்டுவிட்டு அவன் கட்டாருக்குப் போனான். யோகம் இப்போது கதிரவெளியில் தன் அக்காவோடு இருக்கிறாள், தடியூன்றி நடக்கிறாளாம். போய்ப் பார்க்க நினைத்து, அந்தப் பக்கம் போகும் வாகரை பஸ்ஸில் ஏறியும் இருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடுகிறேன்.

மண்டபத்தில் புதுக் கம்பளம் போட்டாயிற்று. ரொனி முதல் நாள் காட்டிய அதே சாம்பல் நீலம்தான். ஆயிரம் கால்கள் மிதித்தும் அது நிறம் மாறாமல் கிடக்கிறது. முதலாளி என் தெரிவைப் பாராட்டினார்! நான் நன்றி சொன்னேன்.

ரொனி வெள்ளிக்கிழமைகளில் அழைக்கிறான். "அம்மாவோட போன்ல கதைக்க ஏலாதே அண்ணன். ஊர்க் கதை கேக்க உங்களுக்குத்தான் எடுக்கிறன்" என்பான். எடுக்காமல் விட்டுவிடலாம். அதுவும் என்னால் முடியவில்லை. வாரம் முழுவதும் என்னோடு பேசுகிறவன் அவன் ஒருவன்தானே! வாவியில் மீன்பாடு எப்படி, மழைவெள்ளம் கடலுக்கு வடிய ஆற்றுமுகம் வெட்டியாயிற்றா என்று கேட்பான். நான் சொல்லிக்கொண்டே இருப்பேன், அவன் போனை வைத்துவிடாமல் இருப்பதற்காக... பழைய தந்திரமேதான்.

போன வெள்ளி மத்தியானம், பேச்சின் நடுவே அவன் குரல் தணிந்தது. "அண்டைக்கு எனக்காகக் கதைச்ச ஒரே ஆள் நீங்கதான் அண்ணன். நான் மறக்கல்ல."

"ரொனி..." என்றேன். சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மெய்யாகவே வந்துவிட்டது.

"என்ன அண்ணன்? ஏன் பேசாம இருக்கீங்க?"

"லைன் சரியில்ல தம்பி. உங்கட குரல் விட்டு விட்டுக் கேக்குது" என்றேன்.

அவன் குரல், பக்கத்தில் இருந்து பேசுவதுபோல், அத்தனை தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.