யானைமலை ஏறி இறங்கிய ஞாயிறு

காலை 5.40. மாட்டுத்தாவணியில் ஒத்தக்கடை பஸ் ஏறினோம். நானும் செல்வமும் கப்பலூரில் ஒரு சிறிய பெயின்ட் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். நான்கு மாதங்களுக்கு முன் கிடங்கில் தீப்பிடித்து, எங்கள் ஷிப்டில் இருந்த கருப்பையா இறந்துபோனார். அதன்பிறகு எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. மாத்திரை எழுதித் தந்த டாக்டர், உடம்பு வேர்க்க வெளியில் நடக்கவும் சொன்னார். மலை ஏறலாம் என்றது செல்வம்தான். இது ஆறாவது ஞாயிறு. தீயைப் பற்றி இதுவரை இருவரும் பேசியதில்லை.

6.10. ஒத்தக்கடை. டீ பன்னிரண்டு ரூபாய். நரசிங்கம் வரை இரண்டு கிலோமீட்டர் நடை. தூரத்திலிருந்து பார்த்தால் படுத்த யானை. அடிவாரத்தில் வானத்தை மறைக்கும் பாறை மட்டும்தான். சமணர் படுக்கை வரை படிகள் உண்டு. அதற்குமேல் வழவழப்பான சரிவு, கால் வைக்க ஆங்காங்கே குழிகள்.

7.15. ஒரு குழியைத் தவறவிட்டேன். வலது கால் வழுக்கியது. உள்ளங்கை தேய்ந்து ரத்தம் கசிந்தது. மேலே போய்க்கொண்டிருந்தவனைப் பார்த்து, “செல்வம்!” என்று கத்தினேன்.

இறங்கி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். “கீழ பாக்காத மாப்ள. மூச்ச விடு அன்வரு.”

சற்றுச் சமமான இடத்துக்கு இழுத்துப் போட்டான். உட்கார்ந்தபடியே சொன்னேன்: “கருப்பையா அண்ணனும் இப்படித்தான் கத்துனாரு. எனக்குக் கேட்டுச்சுடா. நான் ஓடிட்டேன்.”

“எனக்குந்தேன் கேட்டுச்சு” என்றான். “எம் பேரச் சொல்லிக் கூப்டாரு.”

என்னைத் தேற்றத்தான் வாராவாரம் கூட்டிவருகிறான் என்று நினைத்திருந்தேன்.

8 மணிக்கு உச்சி. கீழே கண்மாய்களும் புது வீட்டு மனைகளும் மேலூர் சாலையும். உயரத்தில் நின்றால் மனம் லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. ஆனால் கால் நடுங்க நடுங்கவே ஏறி வந்திருக்கிறேன் என்பது புரிந்தது. இறங்குவது இன்னும் கடினம். பாதித் தூரம் உட்கார்ந்தே நகர்ந்தோம்.

10.05. ஊருக்குத் திரும்பும் பஸ் வந்தது. செல்வம் ஏறவில்லை.

“கருப்பையா அண்ணே வீடு கொட்டாம்பட்டிதான? துட்டி கேக்கக்கூட நாம போகல.”

“போய் என்னத்தடா சொல்ல?”

“கேட்டுச்சுன்னு சொல்லுவோம்.”

எதிர்ப்பக்கம் நின்று மேலூர் பஸ் பிடித்தோம். அங்கே மாறி, மொத்தம் நாற்பது கிலோமீட்டர்.

11.50. கொட்டாம்பட்டி. கருப்பையாவின் மனைவி முற்றத்தில் கடலை காயவைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் யாரென்று சொன்னதும், பாய் எடுத்து விரித்தார். நாங்கள் உட்காரவில்லை.

“அண்ணன் உள்ளயிருந்து கூப்டாரு அக்கா. நாங்க திரும்பிப் போகல” என்றேன்.

பாயின் மடிப்பை நீவிவிட்டார். “எம்புட்டு நேரம் கூப்டாக?”

நான்தான் சொன்னேன்: “மூணு தடவக்கா. அப்புறம் கேக்கல.”

அவர் எங்களை வையவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. குனிந்து கடலையைக் கிளறத் தொடங்கினார். துக்க வீட்டில் போய்வருகிறோம் என்று சொல்லக் கூடாது. சொல்லாமலே தெருவில் இறங்கினோம்.